ஒல்லிக் கை கால், முன்தள்ளிய வயிறு, ஈரலில் கொழுப்பு: 11 வயதுப் பையனுக்குத் தசை குறைவுதான் காரணமா?

தாமான் அம்மா (சுங்கை சிப்புட்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்தவனுக்கு 11 வயது, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பள்ளியில் எடை உயரம் பார்த்தார்கள், 44 கிலோ, 140 சென்டிமீட்டர், வயதுக்குக் கூடுதல் எடை என்று ஒரு தாள் வந்தது. அவனுக்குக் கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருத்துத் தடித்துப் போயிருந்தன. மாமியார் அழுக்கு என்று பயத்தமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அரசாங்க கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்ததில் ஏ.எல்.டி. என்ற ஈரல் எண் 58. அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள், ஃபேட்டி லிவர் என்றார்கள். எடையைக் குறைக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே அவ்வளவு கூட்டம், கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்கவே முடியவில்லை.

என் குழப்பம் என்னவென்றால் அவனை நேரில் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். கையும் காலும் ஒல்லி, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ஒரு தண்டால் எடுக்க முடியாது, ஆனால் வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கிறது. மாமியார் "எலும்பும் தோலுமா இருக்கிற பிள்ளையை இன்னுமா குறைக்கச் சொல்றாங்க" என்று ராத்திரி டின் பால் ஊற்றி மைலோ கலக்கிக் கொடுக்கிறார். என் கணவருக்கு இப்போதே இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, அதனால் எனக்குப் பயம்.

இதற்கிடையில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், தசை குறைவாக இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் ஈரலில் கொழுப்பு சேரும், அதனால் உடம்பைக் குறைக்காதே, சதை பிடிக்க வை என்கிறார். அவரே புரோட்டீன் பொடியும் விற்கிறார், அதுதான் இடிக்கிறது. உண்மையிலேயே தசைக்கும் ஈரலுக்கும் சம்பந்தம் உண்டா? சாப்பாட்டைக் குறைத்தால் இருக்கிற கொஞ்சத் தசையும் போய்விடாதா? டம்பல் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே, அது?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

சம்பந்தம் உண்டு மா, நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். பொடி விற்பவர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

நாம் சோறு சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் தசைக்குள்தான் தள்ளிவிடும். செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிக்கு மில் எப்படியோ அப்படி. மில் சின்னதாக இருந்தாலும், பெரிய மில்லாக இருந்து பாதி நாள் ஓடாமல் கிடந்தாலும் லாரி இறக்க இடம் இல்லை, சரக்கு வேறு இடத்துக்குப் போகும். உடம்பில் அந்த வேறு இடம் கல்லீரல், அது வாங்கிக்கொண்ட சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2007-இல், ஒல்லியாகவே இருக்கும் ஆனால் தசை இன்சுலினுக்குச் சரியாக மசியாத இளைஞர்களுக்கு மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுடைய தசையில் சர்க்கரை சேமிப்பு சுமார் 60 சதவீதம் குறைவு, கல்லீரல் புதிதாகக் கொழுப்பு செய்வது இரண்டு மடங்குக்கும் மேல். ஒல்லியான ஆட்கள் மா, கவனியுங்கள். 2011-இல் அதே மாதிரி ஆட்களை ஒரே ஒரு தடவை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்துவிட்டு அந்தச் சாப்பாட்டைக் கொடுத்தபோது கல்லீரல் கொழுப்பு செய்யும் வேலை 30 சதவீதம் போலக் குறைந்தது. இரண்டும் பெரியவர்களிடம் செய்தவை. பிள்ளைகளிடம் தென் கொரியா, இத்தாலி, அமெரிக்கா என்று பல இடங்களில் அளந்து பார்த்ததில், எடைக்கு ஏற்ற தசை இல்லாத பிள்ளைகளிடம் ஈரல் கொழுப்பு அதிகம் என்று வந்திருக்கிறது.

கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதற்கு அது தோலில் தெரியும் அடையாளம். மாமியாரைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், புண்ணாகிவிடும். உள்ளே சரியாகச் சரியாக அதுவும் மெல்ல வெளுக்கும்.

நம் இந்திய ஆட்களுக்கு இது கூடுதலாக ஏன் என்றும் சொல்கிறேன். பூனாவில் யாக்னிக் என்ற டாக்டரும் லண்டனில் யுட்கின் என்ற வெள்ளைக்கார டாக்டரும் சேர்ந்து எடுத்த ஒரு படம் 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் கணக்கு) ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பூனாவில் பிறந்த குழந்தைகளை அளந்தபோதும் எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. உங்கள் பையனின் ஒல்லிக் கையும் முன்தள்ளிய வயிறும் இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரப்பர் தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி தட்டு நிறையச் சோறு தின்றார்கள், ஆனால் விடியுமுன் எழுந்து மரத்தில் பால் வெட்டி, தோளில் சுமக்கும் காண்டா கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டு ஏற்றம் இறக்கம் நடந்தார்கள். இப்போது தாமான் குடியிருப்பில் அதே தட்டு, அதே சோறு, கூடவே சிரப்புத் தண்ணீர், பிள்ளை பள்ளி விட்டால் டியூசன், டியூசன் விட்டால் கைப்பேசி.

இடுப்பை ஒரு டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், அவனுக்கு 70.

லேப் ஆள் (ஈப்போ)

அக்கா, நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. ஏ.எல்.டி. பற்றி மட்டும் சொல்கிறேன்.

58 என்பதைப் பார்த்துவிட்டு யாராவது "தாளில் 50 வரை நார்மல் என்று போட்டிருக்கு, கொஞ்சம்தான் கூட" என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பல கூடங்கள் தாளில் அச்சடிக்கும் எல்லை பிள்ளைகளுக்கு ரொம்பத் தாராளம். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளை 2010-இல் ஆராய்ந்தபோது அவர்கள் வைத்திருந்த எல்லையின் நடுமதிப்பு 53. கல்லீரல் நோய் இல்லாத, எடை சரியான பிள்ளைகளை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்த்தால் எல்லை பையன்களுக்கு 26 பக்கம், பெண் பிள்ளைகளுக்கு 22. அங்கே குழந்தைகள் குடல், ஈரல் மருத்துவர்கள் 2017-இல் எழுதிய வழிகாட்டியும் இதே எண்களைத்தான் எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் உங்கள் பையனுக்கு இரண்டு மடங்குக்கு மேல். இது மூன்று மாதத்துக்கு மேலும் அப்படியே நின்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று தோண்டச் சொல்கிறது அந்த வழிகாட்டி, 80-ஐத் தாண்டினால் இன்னும் சீக்கிரம். அதனால் அந்த மூன்று மாத ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று, இது தசை பற்றிய திரி என்பதால் சொல்ல வேண்டியது. ஏ.எல்.டி., அதோடு பார்க்கும் இன்னொரு என்சைமான ஏ.எஸ்.டி. இரண்டும் தசையிலும் இருக்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடித் துவண்ட மறுநாள் ரத்தம் எடுத்தால் இரண்டும் ஏறித் தெரியலாம், குறிப்பாக ஏ.எஸ்.டி. எடுப்பதற்கு முந்தைய சில நாள் வழக்கத்துக்கு மீறிய கடும் பயிற்சி வேண்டாம். அதே காரணத்தால் தசை நோய் இருக்கும் சில பையன்களை ஈரல் நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் ஈரலையே சோதித்துக்கொண்டிருந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. உங்கள் பையனுக்கு அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறானா, கெண்டைக்கால் மட்டும் பருமனாக இருக்கிறதா, வரவர மாடி ஏறுவது கஷ்டமாகிறதா என்று கவனியுங்கள். ஆமாம் என்றால் அடுத்த முறை தசை என்சைமான சி.கே. சேர்த்து எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஜி.ஜி.டி. என்ற ஈரல் என்சைமும் உதவும், அது தசையிலிருந்து ஏறாது.

அப்புறம், கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகும். நாளைக்கு ஸ்கேன் சுத்தம் என்று வந்தாலும் ஏ.எல்.டி. இறங்கியதா என்பதையும் பாருங்கள். தாளில் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், 2023-இல் வைத்த புதுப் பெயர், இதே நோய்தான்.

எதையும் நம்பாதவன்

மிஸ்ஸி அக்கா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் இந்தத் தசைக் கதையை ரொம்ப இழுக்கிறார்கள். பிள்ளைகளிடம் செய்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் தசையையும் அளந்து ஈரலையும் பார்த்தவை. எது முதலில் வந்தது என்று அதில் தெரியாது. ஓடியாடாத பிள்ளைக்குத் தசையும் குறையும், ஈரலில் கொழுப்பும் சேரும், இரண்டுக்கும் ஒரே அப்பன், ஒன்று இன்னொன்றைப் பெற்றது என்று எப்படிச் சொல்வது?

கணக்கிலும் ஒரு குளறுபடி இருக்கிறது. இவர்கள் தசையைக் கிலோவில் சொல்வதில்லை, உடல் எடையால் வகுத்துச் சொல்கிறார்கள். எடை கூடிய பிள்ளைக்கு அந்த எடையைத் தாங்கவே கிலோக் கணக்கில் தசை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் எடையால் வகுத்தால் குறைவு என்று வந்துவிடும். அப்போது "தசை குறைவு" என்பது "கொழுப்பு அதிகம்" என்பதையே வேறு வேஷத்தில் சொல்வதுதானே? எடையைக் குறைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னது அதனால்தான்.

அப்புறம் பேரங்காடியில் காலைச் செருப்பில்லாமல் வைத்து நின்றால் தசை இத்தனை, கொழுப்பு இத்தனை என்று தாள் துப்பும் இயந்திரத்தை நம்பிப் பயப்படாதீர்கள். லேசாக மின்சாரம் விட்டு உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்து ஊகிக்கிறது அது. காலையில் ஒன்று சொல்லும், தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் வேறொன்று சொல்லும். பொடி விற்கிறவர்கள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

நம்பாதவன் தம்பி, கணக்கு பற்றி நீங்கள் சொன்னது நியாயம், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் "எடையைக் குறைத்தால் போதும்" என்பதில்தான் நான் ஒத்துவர மாட்டேன். பெரியவர்களுக்குச் சொல்வதை 11 வயதுப் பிள்ளைக்கு அப்படியே சொல்ல முடியாது. இவன் இன்னும் உயரம் போட வேண்டியவன், வயதுக்கு வரப்போகிறவன், தசை ஏறும் காலமே இனிமேல்தான். இந்த நேரத்தில் சோற்றைப் பாதியாக்கி, முட்டை மீனை நிறுத்திப் பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும். எடைத் தராசில் இரண்டு கிலோ இறங்கியதைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், மில்லை இன்னும் சின்னதாக்கி வைத்திருப்பார்கள். வளர்கிற பிள்ளைக்குப் பல சமயம் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் ஏற ஏற விகிதம் தானாகச் சரியாகும். உயரத்தையும் இடுப்பையும் சேர்த்துப் பார்க்காமல் தராசை மட்டும் பார்ப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

எது முதலில் வந்தது என்ற சண்டை இருக்கட்டும். செய்ய வேண்டிய வேலை எப்படியும் ஒன்றுதான், பிள்ளை அசைய வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் நிற்க வேண்டும்.

மூலிகைக்காரி

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுங்கள். என் அண்ணன் மகனுக்கு மஞ்சள்காமாலை அதில்தான் போனது. ஈரலுக்கு அதைவிட மருந்து கிடையாது.

லேப் ஆள் (ஈப்போ)

அக்கா, தொற்றால் வரும் காமாலை பலருக்குத் தானாகவே இறங்கும், இது வேறு பிரச்சினை. பிள்ளைகளின் ஃபேட்டி லிவருக்கு என்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் கிடையாது, இங்கிலீஷ் மருந்துகூட இல்லை. 2011-இல் வெளியான பெரிய சோதனையில் 8 முதல் 17 வயது வரை 173 பிள்ளைகளுக்கு 96 வாரம் வைட்டமின் ஈ, மெட்ஃபார்மின், வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஏ.எல்.டி. நிலையாக இறங்குவதில் இரண்டு மருந்தும் வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. ஏற்கெனவே எண் ஏறிய ஈரலுக்கு இன்னொரு கஷாயத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ரத்தத்தில் எண் மேலும் ஏறினால் எதனால் என்று டாக்டருக்கே தெரியாது. அப்படியும் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

திடல் வாத்தியார்

டம்பல் கேள்விக்கு வருகிறேன். வளர்த்தி நின்றுவிடும் என்பது பழைய பயம். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் நின்று, எடையைக் கண்டபடி ஏற்றாமல், முறையாகச் செய்தால் எலும்பு வளர்ச்சியை அது கெடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. ஆனால் உங்கள் பையனுக்கு டம்பலே தேவையில்லை. ஒரு தண்டால் வராது என்றீர்களே, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கட்டும், அது சுலபமானதும் மேசை விளிம்பு, அப்புறம் படிக்கட்டு, அப்புறம் தரை. பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணம் அருமையான கால் பயிற்சி, நிதானமாக உட்கார்ந்து நிதானமாக எழ வேண்டும். கயிறு தாண்டல், மரத்தில் தொங்குதல், கடையிலிருந்து அரிசிப் பை தூக்கி வருதல், எல்லாம் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு, அதோடு வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் வேலை. நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது பாதியை யாருமே சொல்லிக் கொடுப்பதில்லை.

தசைப் பயிற்சி மட்டும் போதுமா, ஓட வேண்டுமா என்றும் ஒரு கேள்வி வரும். பிட்ஸ்பர்க்கில் பருமனான பதின்வயதுப் பையன்களை மூன்று மாதம், வாரம் மூன்று தடவை, ஒரு குழுவை ஓட்டம் சைக்கிள் என்றும் இன்னொரு குழுவை எடைப் பயிற்சி என்றும் பிரித்துச் செய்ய வைத்தார்கள், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாமல். 2012-இல் வந்த முடிவு, இரண்டு குழுவுக்கும் ஈரல் கொழுப்பு இறங்கியது, இன்சுலின் நன்றாக வேலை செய்வது எடைப் பயிற்சிக் குழுவில்தான் கூடியது. அடுத்த வருடம் பெண் பிள்ளைகளிடம் அதையே செய்தபோது ஓட்டக் குழுவுக்கு மட்டும் ஈரல் கொழுப்பு இறங்கியது, எடைப் பயிற்சிக் குழுவுக்கு இறங்கவில்லை. அதனால் தசை தசை என்று ஒரே பக்கம் சாயாதீர்கள். இரண்டும் கலந்த ஆட்டம்தான் பிள்ளைக்கு அலுக்காது. கபடி, பூப்பந்து, சிலம்பம், எதுவானாலும் சரி. சிலம்பத்தில் அரை மணி நேரம் நின்று கம்பு சுற்றிப் பாருங்கள், தோள், தொடை, மூச்சு மூன்றும் பேசும்.

ஒரு ஆதங்கம், திரிக்கு வெளியேதான். தோட்டத்தில் இருந்தவரை லய வீடுகளுக்கு முன்னால் திடல் இருந்தது, யாரும் பிள்ளைகளை "போய் விளையாடு" என்று சொல்ல வேண்டியதே இல்லை. தாமானில் வீட்டு வாசலில் கார், அடுத்த வாசலில் இன்னொரு கார். பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுவதற்குமுன் அவர்கள் எங்கே போய் ஓடுவது என்று யாராவது சொல்லட்டும்.

கூலிம் அப்பா

என் மகளுக்கும் இதே கதை, இப்போது எண்கள் நன்றாக இறங்கிவிட்டன. எங்களுக்கு வேலை செய்தது வீட்டில் சர்க்கரைத் தண்ணீரை ஒழித்ததுதான், அதுவும் அவளுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். அவளுக்கு வெறும் தண்ணீரை நீட்டிவிட்டு அண்ணன் பக்கத்தில் பண்டோங் (பால் கலந்த சிரப்பு) குடித்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும். 2019-இல் அமெரிக்காவில் 11 முதல் 16 வயதுவரை ஈரல் கொழுப்பு உள்ள 40 பையன்களிடம் செய்த சோதனையிலும் வீடு முழுவதுக்கும் சேர்த்தே சாப்பாட்டை ஏற்பாடு செய்தார்களாம். சேர்க்கும் சர்க்கரையை மொத்தச் சக்தியில் 3 சதவீதத்துக்குள் அடக்கினார்கள், 8 வாரத்தில் ஈரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்கு 21-லிருந்து 20, அவ்வளவுதான்.

சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அதில் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல்தான். குலா மெலாக்கா வெல்லம், தேன், ஜூஸ் எல்லாம் இயற்கை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஈரலுக்கு எல்லாம் சர்க்கரைதான். பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்னலாம். டின் பானத்தின் பின்னால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், 10 என்று இருந்தால் 320 மில்லி டின்னில் 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி. 5 கிராமுக்கு மேல் போனால் அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து வரி போடுகிறது. ஆனால் மாமாக் கடையில் கலக்கும் தே தாரிக்கிலும் சிரப்பிலும் எத்தனை கரண்டி போகிறது என்று எந்தத் தாளும் ஒட்டியிருக்காது. சர்க்கரை போடாத மைலோ கோசோங் என்று கேட்டால்கூடப் பொடியிலேயே சர்க்கரை கலந்துதான் வருகிறது.

மாமியார் விஷயத்துக்கு, மைலோவை நிறுத்துங்கள் என்று சொன்னால் சண்டைதான் வரும். "அவனுக்குச் சதை பிடிக்கணும் அத்தை, ராத்திரி ஒரு அவித்த முட்டை கொடுங்க" என்று வேலையை மாற்றிக் கொடுங்கள். எங்கள் அம்மாவுக்குப் பேத்திக்கு ஏதாவது ஊட்ட வேண்டும், அவ்வளவுதான், என்ன ஊட்டுகிறோம் என்பதில் அவ்வளவு பிடிவாதம் இல்லை.

தாமான் அம்மா (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா, இடுப்பு 76 வந்தது. தரையிலிருந்து எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன், கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறான், கெண்டைக்கால் கைபோல ஒல்லிதான். கூலிம் அண்ணன் சொன்ன முட்டை விஷயத்தை இன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிட்டேன், "அப்படிச் சொல்லு" என்று உடனே அடுப்படிக்குப் போய்விட்டார். அப்போ அந்தப் பொடி வேண்டவே வேண்டாமா? பையன் விளையாட்டு ஆசையில் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறான். சோறு எவ்வளவு போடுவது?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

பொடி வேண்டாம். அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் அளவு புரதம் போதும், 44 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அதோடு மதியம் ஒரு துண்டு மீன் அல்லது கோழி, ராத்திரி கெட்டியான பருப்பு, இடையில் அவித்த கடலை, டெம்பே, தௌஃபு, நெத்திலி என்று மாற்றி மாற்றிப் போட்டால் நம் சமையலிலேயே தாண்டிவிடும். பல பொடிகளில் சாக்லேட் வாசனையோடு சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது, நிறுத்திய மைலோவை வேறு டப்பாவில் வாங்குவதற்குச் சமம். உழைக்காத தசைக்குப் புரதத்தைக் கொட்டினால் அது தசையாகவும் மாறாது.

சோறு நிறுத்த வேண்டாம். ஒரு கைப்பிடி, மிஞ்சினால் ஒன்றரை, தட்டில் பாதி காய், மீதி இடத்தில் மீனோ முட்டையோ பருப்போ. மறுசோறு கேட்டால் முதலில் காயை வையுங்கள். ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு. இடுப்பு 76 என்றால் குறைய வேண்டியதுதான், மாதம் ஒருமுறை ஒரே டேப்பில் அளந்து, அந்தத் தேதியில் உயரத்தையும் எழுதி வையுங்கள், டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அடுத்த ரத்தத்தில் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்பு மூன்றும் உண்டா என்று கேளுங்கள். அப்பாவுக்கு இனிப்பு நீர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும்.

எதையும் நம்பாதவன்

பொடி விஷயத்தில் மிஸ்ஸி அக்காவும் நானும் ஒரே கட்சி, இது அபூர்வம். அந்த வாட்ஸ்அப் ஆளிடம் பணம் எதுவும் முன்கூட்டியே கொடுக்கவில்லையே?

தாமான் அம்மா (சுங்கை சிப்புட்)

இல்லை, கேட்டார், மாதக் கடைசி என்று சொல்லி வைத்தேன். இனி கொடுக்கவும் மாட்டேன். திடல் வாத்தியார், நீங்கள் நம் பக்கம்தானா? இங்கே சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற இடம் தெரியுமா? தம்பிக்கு எட்டு வயது, அவனையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன்.

திடல் வாத்தியார்

பக்கம்தான். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பிக்கும், எட்டு வயதையும் எடுப்பார்கள். முதல் மாதம் கம்பு வாங்க வேண்டாம், அங்கேயே இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்புங்கள், ஈரலில் பிரச்சினை என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தம் எடுக்கும் வாரம் அவனை லேசாக விட்டுவிடுவார்.